பிபிஎல் பயிற்சி: முதலில் பணம் கட்டுவதா, மெடிக்கல் செய்வதா?

போகவந்தலாவைத் தம்பி:

வணக்கம். எனக்கு 19 வயது, ஏ.எல். முடித்துவிட்டேன். சின்ன வயதில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்தேன். அன்றிலிருந்து மனம் வேறு எதிலும் போகவில்லை. ரத்மலானையில் பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) படிக்க விசாரித்திருக்கிறேன். முதல் தவணையை இந்த மாதக் கடைசிக்குள் கட்டச் சொல்கிறார்கள். அப்பா தோட்டத்தில் ஓய்வு பெற்று வந்த ஈபிஎஃப் காசைத் தருகிறேன் என்கிறார்.

போன வாரம் மூக்குக்கண்ணாடி மாற்றப் போனேன். அங்கே புள்ளிப் படப் புத்தகத்தைக் காட்டினார்கள். ஐந்தாறு பக்கங்களில் எனக்கு எண் தெரியவில்லை. "நிறம் சரியாகப் பிரியவில்லை, பைலட் வேலை சரிவராது" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு மெடிக்கல் (உடல் தகுதிச் சோதனை) செய்யலாமா? கண்ணாடி போடுவதும் தடையா?

மஸ்கெலியா அக்கா:

தம்பி, அந்தக் காசை இப்போது தொட வேண்டாம். மெடிக்கல் முடியும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நான் பிபிஎல் எடுத்தவள். நான் சேர்ந்த இடத்தில் முன்பணம் வாங்கிய பிறகுதான் மெடிக்கல் என்ற பேச்சே வந்தது. என்னோடு சேர்ந்த ஒரு பிள்ளை அதில் தேறவில்லை. கட்டிய பணத்தில் பாதிகூட அவளுக்குத் திரும்பி வரவில்லை. அவளுடைய அம்மா வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது.

முதலில் ஒன்றை யோசியுங்கள். பிபிஎல் வைத்துக்கொண்டு சம்பளத்துக்குப் பறக்க முடியாது. வேலைக்கு சிபிஎல் என்ற வணிக விமானி உரிமம் வேண்டும். பிபிஎல்லுக்கு கிளாஸ் 2 மெடிக்கல் போதும், சிபிஎல்லுக்கு அதைவிடக் கண்டிப்பான கிளாஸ் 1. வேலைதான் குறி என்றால் ஆரம்பத்திலேயே கிளாஸ் 1 செய்துவிடுங்கள். அதில் முதல் தடவையே ஈசிஜியும் காது கேட்கும் சோதனையும் இருக்கும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை அங்கீகரித்த டொக்டரிடம்தான் போக வேண்டும், வேறு யார் சொல்வதும் முடிவல்ல.

கண்ணாடி தடையில்லை. நானும் போடுகிறேன். கிளாஸ் 2-க்கு ஒவ்வொரு கண்ணிலும் 6/12 (நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது), இரண்டும் சேர்ந்து 6/9 தெரிய வேண்டும். கண்ணாடியோடு தெரிந்தால் போதும். பறக்கும்போது இன்னொரு கண்ணாடி கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். என்னுடையது சட்டைப் பையில்தான் இருக்கும்.

நிறம்தான் கவனிக்க வேண்டியது. ரேடியோ வேலை செய்யாவிட்டால் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விளக்கு காட்டுவார்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். சிவப்பு மினுக்கினால் தளம் பாதுகாப்பில்லை, இறங்கக் கூடாது. சிவப்பையும் பச்சையையும் மாற்றிப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு.

கண் கிளினிக்கில் வேலை செய்பவன்:

ஒரு விஷயம் கேட்கிறேன். புத்தகத்தைக் காட்டிய இடத்தில் என்ன வெளிச்சம் இருந்தது? அந்தப் படங்களைப் பகல் வெளிச்சத்தில், அல்லது அதற்குச் சமமான விளக்கில்தான் காட்ட வேண்டும். மஞ்சள் பல்பின் கீழே காட்டினால் முடிவை நம்ப முடியாது.

புத்தகத்தில் தவறினாலும் கதை அங்கே முடியாது. விமானப் போக்குவரத்தில் பயன்படும் நிறங்களையும் விளக்குகளையும் சரியாக அடையாளம் காண முடிகிறதா என்று நிற விளக்குகளைக் காட்டும் லான்டர்ன் சோதனையில் பார்ப்பார்கள். அதில் தேறினால் தகுதி உண்டு. அதிலும் தவறினால் பகலில் மட்டும் பறக்கலாம் என்ற கட்டுப்பாட்டோடு கிளாஸ் 2 கிடைக்கலாம். கிளாஸ் 1-க்கு அந்தச் சலுகை இல்லை.

போகவந்தலாவைத் தம்பி:

அண்ணே, மேலே ஒரு மஞ்சள் குண்டு பல்ப்தான் எரிந்தது. வெளியே நல்ல மழை. இப்போதுதான் கொஞ்சம் மூச்சு வருகிறது. அக்கா, இன்றைக்கே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். தவணையைக் கட்டப் போவதில்லை. மெடிக்கலுக்கு நாள் கிடைக்கும்வரை சும்மா இருக்க முடியவில்லை, என்ன படிக்கட்டும்?

மஸ்கெலியா அக்கா:

அப்பாவிடம் சொல்வது ரொம்ப நல்லது. படிப்பு என்றால் வானிலையிலிருந்து ஆரம்பியுங்கள். பிபிஎல் எடுக்கக் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 10 மணி நேரம் தனியாக, அந்தத் தனிப் பயணங்களில் ஒன்று 270 கிலோமீட்டருக்குக் குறையாமல். கருவிப் பறப்புத் தகுதி (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) இல்லாத பிபிஎல்காரர் மேகத்துக்குள் போகக் கூடாது. ஆகவே மேகத்தைப் படிக்கத் தெரிவதுதான் உயிர் காக்கும்.

நோர்ட்டன் பிரிட்ஜில் வைத்திருக்கும் விமான டயரைப் பார்த்திருப்பீர்கள். 1974 டிசம்பர் 4 இரவு ஏழு கன்னியர் மலையில் மோதிய விமானத்தின் டயர் அது. மலைக்கும் விமானத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் வேண்டும் என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கொப்பி வாங்குங்கள். காலை ஆறு மணிக்கு, எட்டுக்கு, பத்துக்கு வாசலில் நின்று பாருங்கள். எந்த மலை தெரிகிறது, எது மறைந்துவிட்டது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, பள்ளத்தாக்கில் மேகம் எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குகிறது என்று தினமும் எழுதுங்கள். மெடிக்கல் முடிந்த அன்று இங்கே வந்து முடிவைச் சொல்லுங்கள், அடுத்து எந்தப் பாடம் என்று நான் சொல்கிறேன்.