ஏஐ முகவர் கேட்கும் ஒப்புதலைப் படிக்காமலேயே கொடுத்துவிடுகிறோம்: எப்படி மாற்றி அமைப்பது?

கேள்வி

எங்கள் குழுவில் வாடிக்கையாளர் தரவுத்தளத்தைப் பராமரிக்க ஐந்து மாதங்களாக ஓர் ஏஐ முகவரை, அதாவது தானே வேலைகளைச் செய்யும் ஏஐ மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறோம். திருத்தம், நீக்கம், மின்னஞ்சல் என எதைச் செய்வதானாலும் முதலில் எங்களில் ஒருவரிடம் அது ஒப்புதல் கேட்க வேண்டும் என்று அமைத்திருந்தோம். பாதுகாப்புக்கு அது போதும் என்றே நம்பினோம். சென்ற வாரம் "காலாவதியான சோதனைப் பதிவுகளை நீக்கலாமா?" என்று ஒரு கோரிக்கை வந்தது. ஒப்புதல் கொடுத்தவன் நான்தான். உள்ளே ஓடிய கட்டளையில் தேதி நிபந்தனை இருந்ததே தவிர, சோதனைக் கணக்குகளை மட்டும் பிரித்தெடுக்கும் நிபந்தனை இல்லாததால், உண்மையான வாடிக்கையாளர்களின் பதிவுகளும் சேர்ந்தே அழிந்துவிட்டன. காப்புப் பிரதி இருந்ததால் மாலைக்குள் மீட்டுவிட்டோம். பிறகு பதிவேட்டைப் பார்த்தால், கோரிக்கை வந்த நான்காவது நொடியில் நான் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். அன்று அதற்கு முன்பே அறுபதுக்கும் மேற்பட்ட கோரிக்கைகளுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தேன். இனிமேல் கவனமாக இருக்கச் சொல்கிறார்கள். அதனால் மட்டும் இது சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எப்படி அமைத்திருக்கிறீர்கள்?

பதில் 1

உங்கள் கவனக்குறைவு என்று இதை முடித்துவிட முடியாது. தானியங்கி அமைப்பைக் கண்காணிக்கும் வேலையை மனிதரிடம் விட்டால், அந்தக் கண்காணிப்பைத்தான் மனிதர் மிக மோசமாகச் செய்வார் என்று உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983இலேயே எழுதியிருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு ஏஐ சட்டமும், அதிக ஆபத்துள்ள அமைப்புகளுக்கு மனித மேற்பார்வையைக் கட்டாயமாக்கும் 14ஆம் பிரிவில், இயந்திரத்தின் முடிவை அப்படியே நம்பிவிடும் போக்கைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ஆகவே முதலில் கோரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். தரவைப் படிக்க மட்டும் செய்வதற்கு ஒப்புதலே வேண்டாம். எளிதில் திரும்பப் பெறக்கூடிய திருத்தங்களைச் செய்துவிட்டுத் தெரிவித்தால் போதும். நீக்கம், பணம், வெளியாருக்குப் போகும் மின்னஞ்சல் ஆகிய மூன்றுக்கு மட்டும் கேட்கட்டும். நாளுக்கு நான்கைந்து கோரிக்கை வந்தால் யாரும் நின்று படிப்பார்கள்.

பதில் 2

எண்ணிக்கையைக் குறைப்பது அவசியம்தான், ஆனால் இங்கே நடந்த தவறு அதைவிட ஆழமானது என்று நினைக்கிறேன். "காலாவதியான சோதனைப் பதிவுகள்" என்ற வாக்கியத்தை எழுதியது யார்? அந்த முகவரேதான். தான் செய்யப் போவதாக அது நம்பியதை எழுதியிருக்கிறது. நீங்கள் நான்கு நிமிடம் செலவிட்டு அந்த வாக்கியத்தைப் படித்திருந்தாலும் பிழை கண்ணில் பட்டிருக்காது. முகவர் படிக்கும் ஒரு மின்னஞ்சலிலோ ஆவணத்திலோ யாராவது கட்டளையைப் புகுத்தி வைத்திருந்தால், ஒப்புதல் கேட்கும் வாசகத்தையும் அவர்களே தீர்மானிக்க முடியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

எனவே ஒப்புதல் திரையை முகவரின் கையில் கொடுக்காதீர்கள். ஓடப்போகும் கட்டளையை உங்கள் நிரலே எடுத்துக் காட்ட வேண்டும். நாங்கள் நீக்கலுக்கு முன் அதே நிபந்தனையோடு எண்ணிக்கையைக் கேட்டு, "41,200 பதிவுகள் நீங்கும், அவற்றில் ஐந்து இவை" என்று காட்டுகிறோம். அந்த ஐந்து வரிகளில் தெரிந்த வாடிக்கையாளர் பெயர் ஒன்று வந்தாலே கை நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்

எண்ணிக்கையைக் காட்டுவது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஒரு சந்தேகம்: ஒப்புதல் சில நேரம் மூன்று மணி நேரம் கழித்துத்தான் கிடைக்கிறது. அதற்குள் தரவு மாறியிருக்குமே?

பதில் 3

மாறியிருக்கும். அதனால் ஒப்புதலை அந்தக் கட்டளையோடும் காட்டிய எண்ணிக்கையோடும் பிணைத்து வையுங்கள். ஓடும் நேரத்தில் இரண்டில் எது மாறியிருந்தாலும் ஒப்புதல் செல்லாது, புதிதாகக் கேட்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் வராவிட்டால் மறுப்பு என்றே கொள்ளுங்கள். ஆய்வாளர்கள் ஷெரிடனும் வெர்பிளாங்கும் 1978இல் வகுத்த பத்துத் தானியக்க நிலைகளில், மனிதர் ஒப்புக்கொண்டால் மட்டும் செய்வது ஐந்தாம் நிலை. தடுக்கச் சிறிது அவகாசம் தந்துவிட்டுத் தானே செய்வது ஆறாம் நிலை. வேலை தேங்குகிறது என்று பலர் சத்தமில்லாமல் ஐந்திலிருந்து ஆறுக்குப் போய்விடுகிறார்கள். நீக்கலில் அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

இன்னொன்று, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. முகவர்களை உருவாக்க உதவும் லாங்கிராஃப் நிரலகத்தில், ஒப்புதலுக்காக நிறுத்திய கணு (வேலையின் ஒரு படி), பதில் வந்ததும் நின்ற வரியிலிருந்து தொடராது. தொடக்கத்திலிருந்தே மறுபடி ஓடும். நிறுத்தத்துக்கு முன்னால் மின்னஞ்சல் அனுப்பும் வரி இருந்தால் அது இரண்டு முறை போகும். எங்களுக்குப் போனது. ஒப்புதலுக்குப் பிந்திய செயலைத் தனிக் கணுவில் வைத்து, ஒவ்வொரு செயலுக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் தவிர்க்கும்படி எழுதிய பிறகே அது நின்றது.