யாஹ்யா கான் போன பிறகு வந்த தீர்ப்பால் என்ன பயன்?

பவானிக்கரையான்:
நேற்று கோபி கோர்ட் பக்கம் டீக்கடையில் பாகிஸ்தான் வக்கீல் அஸ்மா ஜஹாங்கீர் பற்றிப் பேச்சு வந்தது. ராணுவ ஆட்சியோடு மல்லுக்கட்டியே வாழ்ந்தவர், 2018இல் லாகூரில் இறந்தார். அப்பாவைக் காவலில் வைத்ததை எதிர்த்து அவர் போட்ட வழக்கில், ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் ஆட்சியை அபகரித்தவர் என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னதாம். ஒரு ஜூனியர் அப்படிப் புகழ்கிறார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாஹ்யா 1971 டிசம்பரிலேயே பதவியை விட்டுப் போய்விட்டார். செத்த பாம்பை அடித்ததற்கா இத்தனை கொண்டாட்டம்?

ஈரோடு வக்கீல்:
பாம்பு சாகலைங்க. தேதியைப் பாருங்கள். அப்பா குலாம் ஜிலானி பிடிபட்டதே அந்த டிசம்பர் கடைசியில்தான். அப்போது நாற்காலியில் இருந்தவர் பூட்டோ. ஓட்டு வாங்கி வந்தவர்தான், ஆனால் ராணுவச் சட்டத் தலைமை நிர்வாகி என்ற பதவியையும் விடாமல் வைத்திருந்தார். யாஹ்யா விட்டுப்போன சட்டத்தை வைத்துத்தான் ஜிலானியை உள்ளே வைத்தார்கள். அது செல்லாது என்று சொல்ல வைத்தது இருபது வயதுப் பெண்ணின் மனு. அவர் அப்போது வக்கீல்கூட இல்லை.

பவானிக்கரையான்:
சரி, அந்த இடத்தில் சறுக்கிவிட்டேன். அப்புறம் 1977? ராணுவத் தளபதி ஜியா உல் ஹக் பூட்டோவைக் கவிழ்த்தார். பூட்டோவின் மனைவி நுஸ்ரத் வழக்குப் போட்டார். அதே உச்ச நீதிமன்றம், நாட்டுக்குத் தேவைப்பட்டது, அதனால் செல்லும் என்றது. ஐந்தே வருஷத்தில் குட்டிக்கரணம். 1979இல் பூட்டோவைத் தூக்கிலும் போட்டாயிற்று. இதில் அந்தத் தீர்ப்பு யாரைக் காப்பாற்றியது?

சிவன்மலையான்:
நம் நாட்டில் டாங்கி தெருவுக்கே வரவில்லை. ஆனாலும் எமர்ஜென்சியில், காவலில் வைத்ததைக் கோர்ட்டில் கேட்க முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் எழுதினார்கள். மறுத்தவர் கன்னா ஒருவர்தான். பக்கத்து வீட்டைப் பார்த்து ரொம்பச் சிரிக்க வேண்டாம்.

காங்கயம் காளை:
எமர்ஜென்சியைத் திட்டுவது எல்லோருக்கும் ஃபேஷன். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது எந்த ஆட்சியில்? கண்டிப்பு இருந்தால்தான் ஏழைக்கு வேலை நடக்கும். அந்த அஸ்மா அரசியல்வாதி மகள், அவர் மனு போட்டால் கோர்ட் திறக்கும். சூளையில் கல் அறுக்கிறவனுக்குத் திறக்குமா?

ஈரோடு வக்கீல்:
சூளை என்றதால் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் ஒரு செங்கல் சூளையிலிருந்து புருஷனும் பொண்டாட்டியும் என் ஆபீசுக்கு வந்தார்கள். கையில் ஒரு நோட்டு, அட்டை முழுக்கச் செம்மண் விரல் தடம். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே "முன்பணப் பாக்கி". கல் அறுக்க அறுக்கப் பாக்கி ஏறுகிறது. அரிசி, காய்ச்சல் மாத்திரை, மழையில் கரைந்த பச்சைக்கல் எல்லாம் இவர்கள் தலையில். நீங்கள் சொன்ன சட்டம் அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருந்தது. அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "முன்பணம் வாங்கினீங்களா, இல்லையா?"

பாகிஸ்தானில் இதே முன்பணத்துக்கு பேஷ்கி என்று பெயர். 1988இல் சூளைத் தொழிலாளி ஒருவர் தலைமை நீதிபதிக்குத் தந்தி அடித்தார், அதையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொழிலாளர்களுக்காக நின்றவர்களில் அஸ்மாவும் ஒருவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அங்கே 1992இல் வந்தது. ஜியா பதினோரு வருஷம் கண்டிப்பாகத்தான் ஆண்டார், அவர் கொண்டுவரவில்லை. அவர் காலத்தில், 1983இல், அஸ்மாவுக்குக் கிடைத்தது ஜெயில். 2007இல் இன்னொரு ராணுவ ஆட்சியாளர் முஷாரஃப் அவரை வீட்டுக் காவலில் வைத்தார். அரசியல்வாதி மகள் என்று யாரும் விட்டுவிடவில்லைங்க.

பவானிக்கரையான்:
ஏனுங்க வக்கீலண்ணா, அந்த நோட்டுக்காரர்கள் என்ன ஆனார்கள்?

ஈரோடு வக்கீல்:
விடுவிப்புச் சான்று வந்தது. ஏழு மாசம் ஆச்சு.

பவானிக்கரையான்:
ஏழு மாசமா! நான் முதலில் கேட்டதே அதுதானே?

ஈரோடு வக்கீல்:
அதை வைத்துத்தான் கணக்கை முடித்துவிட்டு ஊருக்குப் போனார்கள். மதியம் எனக்கு ஒரு கேஸ் இருக்கிறது, சாயங்காலம் வந்து சண்டை போடுகிறேன்.