அப்பாவின் வெண்டைக்காயை லோரிக்காரரைத் தவிர வேறு யாரிடம் விற்கலாம்?

சிப்புட் மகள்

வணக்கம். அப்பா தோட்டத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவர். முதலில் பால்வெட்டு, பிறகு செம்பனை. ஓய்வுக்குப் பிறகு மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒன்றரை ஏக்கரில் வெண்டை, கத்தரி, பாகல், பயத்தங்காய் போடுகிறார். விளைச்சலுக்குக் குறை இல்லை, விற்பதுதான் பெரும்பாடு. வாரத்துக்கு மூன்று நாள் லோரி வரும், அவர் சொல்வதுதான் விலை. போன மாதம் வெண்டைக்குக் கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) என்றார், அன்று மாலையே டவுனில் அதே மாதிரி காய் 7 வெள்ளிக்குக் கிடந்தது. அடுத்த வாரம் சரக்கு அதிகம், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாலு கூடை வெண்டை வாடிக் கறுத்து, கடைசியில் மாட்டுக்குப் போட்டோம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, கூடைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நான் வேலைக்குப் போகிறவள், சனி ஞாயிறு மட்டும் உதவ முடியும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பீடோர் தோட்டக்காரி

தங்கச்சி, லோரியை ஒரே நாளில் விட்டுவிடாதீர்கள், மிச்சக் காய்க்கு அது வேண்டும். முதலில் காயைப் பிரியுங்கள். எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டினால், அதிலுள்ள மட்டமான காயின் விலைதான் மொத்தக் கூடைக்கும் விழும். நானும் பல வருஷம் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது வெண்டையில் விரல் நீளத்துக்குப் பிஞ்சு ஒரு கூடை, கொஞ்சம் நீண்டது ஒரு கூடை, வளைந்ததும் பூச்சி கடித்ததும் வீட்டுக்கு. நுனியை ஒடித்துப் பாருங்கள், டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து நாராகத் தொங்கினால் முற்றல். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும், ஒரு பறிப்பு தவறினால் பாதி முற்றிவிடும்.

பறித்ததும் நிழல், மேலே ஈரச் சாக்கு, அது போதும். ஐஸ்பெட்டியில் அடைக்க வேண்டாம், 7 டிகிரிக்குக் கீழே போனால் வெண்டையில் குழி விழுந்து கறுப்புத் தட்டும். இன்னொன்று, பாகற்காயைப் பழுத்த வாழைப்பழத்தோடு ஒரே வேனில் ஏற்றாதீர்கள். பழத்திலிருந்து வரும் வாயு பாகலையும் பழுக்க வைத்துவிடும். நான் ஒரு தடவை பச்சையாக ஏற்றியது மறுநாள் காலை மஞ்சளாக இறங்கியது, அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஈப்போ இலைச்சாப்பாடு

நான் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். வாழை இலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு விலையைவிட நாள்தான் முக்கியம். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்குள் 8 கிலோ வெண்டை, 5 கிலோ கத்தரி வரும் என்று தெரிந்தால், மார்க்கெட்டில் கொடுப்பதை உங்கள் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். மழையில் பறிக்க முடியவில்லையா, முதல் நாள் சாயங்காலமே ஒரு வாட்ஸ்அப் போடுங்கள், கோபப்பட மாட்டேன். சொல்லாமல் விட்டால்தான் அடுத்த வாரம் வேறு ஆளைப் பார்க்க வேண்டிவரும். இப்படி மூன்று நான்கு கடை பிடித்தால் லோரிக்காரர் வராத நாளும் கவலை இல்லை. முதல் இரண்டு மாதம் கையில் காசு வாங்கிக்கொள்ளுங்கள், கடனுக்குப் பழக்காதீர்கள், கடைக்காரனான நானே சொல்கிறேன்.

அப்புறம், நம் ஆட்கள் எப்போது என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து விதையுங்கள். புரட்டாசியில் பாதிப் பேர் சைவம், சனிக்கிழமை என் கடையில் காய்கறி பத்தாமல் ஓடுவேன். வெண்டை விதைத்து 45, 50 நாளில் காய்க்கும், அப்படியென்றால் ஜூலைக் கடைசியில் விதை விழ வேண்டும். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வேண்டுமென்றால் ஆறேழு மாதம் முன்பே கிழங்கு ஊன்றணும். வாழை இலை, முருங்கைக்கீரை, கறிவேப்பிலை இருக்கிறதா? இருந்தால் அதையும் சேர்த்தே அனுப்புங்கள்.

பழைய கிராணி

மகளே, விலை தெரியாமல் பேரம் பேச முடியாது. அரசாங்கத்தின் விவசாயச் சந்தை வாரியமான ஃபாமா தன் இணையப் பக்கத்தில் தோட்ட விலை, மொத்த விலை, சில்லறை விலை மூன்றையும் போடுகிறது. லோரி வரும் காலையில் அதைப் பார்த்து அப்பாவுக்குச் சொல்லுங்கள். 2 வெள்ளி என்றால் ஃபாமாவில் இவ்வளவு போட்டிருக்கிறதே என்று கேட்க ஒரு பிடி இருக்கும்.

1985-லிருந்து ஃபாமா நடத்தும் பசார் தானி, அதாவது உழவர் சந்தை, எதற்கு இருக்கிறது? விவசாயியே நேரே நின்று விற்கத்தான். உங்களுக்குச் சனி ஞாயிறுதான் முடியும் என்கிறீர்கள், வார இறுதியில் நடக்கும் பசார் தானி எங்கே என்று மாவட்ட ஃபாமா அலுவலகத்தில் கேட்டு இடத்துக்கு மனுப் போடுங்கள். பாக்கெட் கட்டி விற்பதாக இருந்தால் தரம், அளவு, எடை எழுதிய லேபல் வேண்டும், 2008-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. பேரங்காடிக்குப் போக நினைத்தால் நல்ல விவசாய முறைக்கு விவசாய இலாகா கொடுக்கும் மைகேப் சான்றிதழையும் விசாரியுங்கள், ஆனால் ஒன்றரை ஏக்கருக்கு அதுதான் முதல் வேலை என்று நான் சொல்லமாட்டேன்.

முதல் வேலை, பக்கத்தில் காய்கறி போடுகிறவர்களைச் சேர்ப்பது. 30 கிலோவுக்கு லோரிக்காரர் வைத்ததுதான் விலை, ஐந்து வீட்டுக் காய் சேர்ந்து 150 கிலோ ஆனால் இன்னொரு லோரியையும் கூப்பிடலாம். முதலாளிகள் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, அவற்றை வாங்க, அப்போதைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சம்பந்தன் 1960-ல் தோட்டத் தொழிலாளர்களின் சின்னச் சின்னச் சேமிப்பைச் சேர்த்துத்தானே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்? அவர் உங்கள் ஊர்க்காரர்தான், ஞாபகம் இருக்கட்டும்.

சிப்புட் மகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று அப்பாவோடு உட்கார்ந்து காயைப் பிரித்தேன். பிஞ்சை மட்டும் அடுக்கிய கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் காய்கறி போடும் இரண்டு வீடுகளில் பேசிவிட்டேன், ஒருவர் சரி என்றார், இன்னொருவர் யோசிக்கிறார். ஈப்போ அண்ணே, கறிவேப்பிலை வேலி நெடுக இருக்கிறது, முருங்கை நாலு மரம். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு முதல் கூடை வரும், உங்கள் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.