பல் கூசுவதும் ஆள் கூசுவதும் ஒரே சொல்லா?

பென்னாகரத்துப்பெண்:

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். "கூச்சம்" என்ற சொல்லைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இங்கே எத்தனையோ ஆழ்துளைக் கிணறுகளில் அதற்கு மேல்தான். பால் பல் விழுந்து அடுத்து வரவேண்டிய பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் இந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தால், பல்லின் மேலுறையான எனாமல் சரியாக அமையாது. பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையுமாக வரும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அதற்கு முன்னால் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்கள் பலர் இந்தக் கறையோடுதான் இருக்கிறார்கள். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும்.

ஒரு முகாமுக்காக, பல்லால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்று கேட்கும் படிவம் ஒன்றை எளிய தமிழில் எழுதிக் கொண்டிருக்கிறேன். பல் மருத்துவத்தில் ஓஹிப்-14 என்பார்கள், 1997-ல் வெளிவந்த 14 கேள்விகள். அதில் ஒரு கேள்வி, பல்லை நினைத்து நாலு பேர் நடுவில் கூனிக்குறுகிப் போனீர்களா என்ற பொருளில் வரும். எங்கள் கைக்கு வந்த பழைய தமிழ் வரைவில் "உங்கள் பற்களால் கூச்சம் ஏற்பட்டதா?" என்று இருந்தது. வாசித்துக் காட்டினால் பெரியவர்கள், "ஆமாம்மா, பச்சத் தண்ணி பட்டாலே கூசுது" என்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் ஒரு பெண், வாயைக் கையால் மறைத்துக்கொண்டே, "அதெல்லாம் இல்லக்கா, ஐஸ்கிரீம்கூட நல்லா சாப்பிடுவேன்" என்றாள். இரண்டு பதிலுமே உண்மைதான். ஆனால் நாங்கள் கேட்டதற்கு இரண்டுமே பதில் இல்லை.

கூச்சம் முதலில் பல்லுக்கு வந்ததா, மனசுக்கு வந்ததா? இரண்டும் ஒரே சொல்தானா? படிவத்தில் வேறு என்ன போடலாம்?

ஆரணித்_தமிழய்யா:

ஒரே சொல்தான் அம்மா. "கூசு" என்ற வினையிலிருந்து வருகிறது. பேசு, பேச்சு, வீசு, வீச்சு, அதே போக்கில் கூசு, கூச்சம். தமிழ் லெக்சிகன் அகராதியை எடுத்துப் பார்த்தால் கண் கூசுவது, பல் கூசுவது, தொட்டால் உடம்பு கூசுவது, ஆள் கூசுவது எல்லாம் ஒரே வினைக்கு அடுத்தடுத்த பொருளாக இருக்கும். நடுவில் ஓடுவது ஒன்றே: தாங்கும் அளவுக்கு மேல் ஒன்று வந்து படும்போது உள்ளே ஒடுங்குவது. கண்ணுக்கு அது வெயில், பல்லுக்குப் புளிப்பு, விலாவுக்கு விரல், மனிதனுக்கு அடுத்தவர் பார்வை.

மனசுக்கு வந்தது பின்னால் வந்த இரவல் என்று நான் சொல்ல மாட்டேன். திருவெம்பாவையின் இரண்டாம் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஊரிலிருந்து அண்ணாமலை பக்கம், மார்கழியில் பாடாத கோவில் கிடையாது. தூங்குகிறவளைக் கேலி பேசும் பெண்களிடம், "விளையாடி ஏசும் இடம் ஈதோ" என்று கேட்டுவிட்டு, "விண்ணோர்கள் ஏத்துதற்குக் கூசும் மலர்ப்பாதம்" என்று போகும். போற்றிப் பாடுவதற்கே தேவர்கள் கூசுகிறார்கள். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. எதிரே இருப்பது அவ்வளவு பெரிது, அதனால் ஒடுங்குகிறார்கள். இதைத்தான் கவனிக்க வேண்டும்: கூச்சத்துக்குக் குற்றம் தேவையில்லை.

இன்னொன்று. கூசுவதற்கு நம் பேச்சில் எப்போதும் ஓர் உறுப்பு கிடைத்துவிடும். "நாக்கூசாமப் பொய் சொல்றான்", "கை கூசாம வாங்கிக்கிறான்", "அந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கால் கூசுது". வெட்கத்துக்கோ நாணத்துக்கோ இப்படி வராது. நாக்கு வெட்கப்பட்டது, கால் நாணியது என்று யாரும் பேசுவதில்லை. கூச்சம் மனசுக்குப் போனாலும் உடம்பை விடவில்லை. உங்கள் நோயாளிகள் பல்லையே பிடித்துக்கொண்டதில் வியப்பே இல்லை.

வெட்கம் என்று போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதன் பழைய வினை "வெள்கு". நாள் நாட்கள் ஆவதுபோல ள் ட் ஆகி வெட்கம். இந்த வினைக்கு அப்பர் கொடுத்த இடம் பெரிது. கள்ளத் தொண்டாகக் காலத்தைப் போக்கியவர், ஒருநாள் தெளிந்து தேடுகிறார். தேடினால், மனசுக்குள் நினைத்ததையெல்லாம் இறைவன் கூடவே இருந்து அறிந்துகொண்டிருந்தது தெரிகிறது. "உள்குவார் உள்கிற்றெல்லாம் உடனிருந்து அறிதி யென்று வெள்கினேன் வெள்கி நானும் விலாவிறச் சிரித்திட்டேனே." யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் செய்ததை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த நொடியில் முகத்தில் ஏறும் சூடும், அடக்க முடியாமல் விலா நோக வரும் சிரிப்பும் அப்படியே இந்த வரியில் இருக்கின்றன. இதைவிட நேராக இந்த உணர்ச்சியைச் சொன்ன வரி தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, ஆசிரியனாக இருந்த காலம் முழுக்க வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இன்றைக்கு "வெட்கமா இல்ல?" என்றால் அது திட்டு. படிவத்தில் "வெட்கப்பட்டீர்களா" என்று கேட்டால், வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். பல்லில் கறை வந்தது அவர்கள் செய்த தப்பா? நாணமும் வேண்டாம். "கருமத்தால் நாணுதல் நாணு" என்று 1011-ஆம் குறளே சொல்கிறது: செய்த செயலுக்காக நாணுவதுதான் நாணம், பெண்களின் நாணம் வேறு வகை. இங்கே செயலும் இல்லை, மணப்பெண்ணும் இல்லை.

ஓசூர்வாசி:

அக்கா, ஐயா சொன்னதில் ஒன்று சேர்க்க ஆசை. எங்கள் வீட்டில் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவோம். "கூச்சநாச்சமே இல்லாம" என்று சொல்கிறோமே, அந்த நாச்சம் என்ன? எல்லாரும் அது சும்மா எதுகைக்குச் சேர்த்தது என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. தமிழில் சும்மா சேர்த்தால் கி, கீ என்றுதான் வரும்: வண்டி கிண்டி, காப்பி கீப்பி, பாம்பு கீம்பு. அந்தக் கணக்கில் "கூச்சம் கீச்சம்" என்றல்லவா வரவேண்டும்?

கன்னடத்தில் வெட்கப்படுவதற்கு "நாச்சு" என்று ஒரு வினை உண்டு. "நாச்சிகே ஆகல்வா?" என்றால் "வெட்கமா இல்லையா?" என்று பொருள். நம்முடைய நாணும் அதுவும் ஒரே குடும்பம். கூச்சநாச்சத்தில் இருப்பது அந்தச் சொல்லின் உறவு என்றே நான் நினைக்கிறேன். அப்படியானால் கூச்சம் ஒன்று, நாணம் ஒன்று, இரண்டும் இல்லாதவன் என்று முழுசாகத் திட்டுகிறோம்.

அப்புறம், நீங்கள் தேடுகிற உணர்ச்சிக்குக் கன்னடத்தில் தனியாகவே ஒரு சொல் இருக்கிறது: முஜுகர. நாச்சிகே வேறு, முஜுகர வேறு. விருந்தாளி முன்னால் பிள்ளை எதையாவது உளறிவிட்டால் அம்மாவுக்கு வருவது முஜுகர. முகாம் எங்கள் பக்கம் வந்தால் கன்னடப் படிவத்தில் யோசிக்காமல் இதைப் போடலாம். தமிழில் இதற்கு நேராக எனக்குக் கிடைப்பது "ஒரு மாதிரியா இருக்கு" மட்டும்தான். உண்மையில் ஜனங்கள் சொல்வதும் அதைத்தான்.

நாஞ்சில்_நாடு:

மலையாளத்தில் "கூசல் இல்லாதே" என்றால் தயக்கமே இல்லாமல், அசராமல். ஆக, கூசு அங்கேயும் உண்டு. ஆனால் பல்லுக்கு அவர்கள் கூசு போடுவதில்லை, பல் "புளிக்கிறது" என்பார்கள். நம் ஊர்களிலும் மாங்காய் தின்ற பிறகு "பல்லு புளிச்சிட்டு" என்பது உண்டு. அந்தப் படிவத்தை மலையாளத்தில் எழுதினால் இந்தச் சிக்கலே வராது.

யாராவது "சங்கடம்" போடச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன். கொஞ்சம் யோசியுங்கள். மலையாளத்தில் சங்கடம் என்றால் துக்கம். குமரி மாவட்டத்தில் அந்தப் பொருள் நன்றாகவே கலந்திருக்கிறது. மற்ற இடங்களிலும் "மனசு சங்கடமா இருக்கு" என்றால் பாதிக்கு மேல் வருத்தம்தானே?

வடமராட்சியான்:

தங்கச்சி, எங்கள் பக்கம் ஒரு சொல் இருக்கிறது, அந்தரம். "எனக்கு அந்தரமாக் கிடக்கு" என்பார்கள். அவசரத்துக்கும் அந்தரம்தான், பதற்றத்துக்கும் அந்தரம்தான். ஆனால் கலியாண வீட்டில் தெரியாத ஆட்களோடு ஒரே பந்தியில் இருத்திவிட்டால் வரும் நிலைகொள்ளாமைக்கும் அதுவேதான். அந்தரம் என்றால் ஆகாயமும் பூமியும் இல்லாத இடைவெளி அல்லவா? கால் எங்கேயும் படாத நிலை. எனக்கு இந்த உணர்ச்சிக்கு மிகவும் பொருந்துகிற சொல்லாக இதுதான் படுகிறது. தருமபுரியில் ஒருவருக்கும் விளங்காது என்பது தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன், யாழ்ப்பாணத்தில் யாராவது இந்தப் படிவத்தை எழுதினால் உதவும்.

பென்னாகரத்துப்பெண்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, "தாங்கும் அளவுக்கு மேல் வந்து படும்போது ஒடுங்குவது" என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எங்கள் வேலையே ஞாபகம் வந்தது. எனாமல் தேய்ந்தோ ஈறு இறங்கியோ போனால் உள்ளிருக்கும் டென்டின் என்ற அடுக்கு வெளியே தெரிய வந்துவிடும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இருக்கின்றன. குளிர்ச்சியோ சூடோ இனிப்போ பட்டால் அவற்றில் இருக்கும் நீர்மம் அசைந்து நரம்பைத் தூண்டும். மூடியிருக்க வேண்டியது திறந்து கிடக்கிறது, அதனால்தான் கூசுகிறது. அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கும் பிரச்சினை அதுவேதான், இடம் மட்டும் வேறு.

அப்பர் பாட்டு எனக்குப் புதுசு. எங்கள் டாக்டரிடமும் சொன்னேன், எழுதி வைத்துக்கொண்டார்.

சங்கோஜம் என்று போடலாமா? டாக்டர் அதைத்தான் சொல்கிறார்.

ஆரணித்_தமிழய்யா:

சங்கோசம் வடமொழி, "சுருங்குதல்" என்றே அதற்குப் பொருள். பூ குவிவதற்கும் அந்தச் சொல் வரும். கூச்சமும் சங்கோசமும் இரண்டு மொழியில் ஒரே எண்ணத்துக்கு வந்து சேர்ந்தவை. ஒலியும் கிட்ட இருக்கிறதே என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததாக முடிவு கட்டிவிடாதீர்கள். ஆனால் படிவத்துக்கு அது வேண்டாம். "சங்கோஜப்படாம சாப்பிடுங்க" என்று விருந்தில் சொல்கிறோமே, அந்தத் தயக்கம்தான் முன்னால் நிற்கும். பென்னாகரத்துப் பாட்டிக்கு அது பத்திரிகைத் தமிழ்.

ஒற்றைச் சொல்லைத் தேடுவதை விட்டுவிடுங்கள். ஓசூர்த் தம்பி சொன்ன "ஒரு மாதிரியா இருக்கு" என்பதில்தான் விடை இருக்கிறது. எந்த இடத்தில் ஒரு மாதிரி இருக்கிறது என்பதைக் கேள்வியிலேயே வைத்துவிட்டால் சங்கடமும் துக்கமாகப் போகாது. நாஞ்சில் நண்பர் சொன்ன குழப்பமும் தீரும்.

பென்னாகரத்துப்பெண்:

இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

"சூடாகவோ குளிர்ச்சியாகவோ குடிக்கும்போது பல் கூசுகிறதா?"

"உங்கள் பல்லை மற்றவர்கள் பார்ப்பார்களே என்று, நாலு பேர் முன்னால் பேசவோ சிரிக்கவோ சங்கடமாக இருந்ததுண்டா?"

முதல் கேள்வி அந்த 14-ல் இல்லாதது. அதை எங்கள் மருத்துவமனைக் குறிப்புக்காக முன்னாலேயே தனியாகக் கேட்டுவிடப் போகிறேன். பல் கூச்சத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டால், அடுத்த கேள்விக்கு மனசில் உள்ளதைச் சொல்வார்கள் என்று தோன்றுகிறது.

நாஞ்சில்_நாடு:

நன்றாக இருக்கிறது. "இருந்ததுண்டா" வேண்டாம், "இருந்ததா" போதும். வாசித்துக் காட்டும்போது காதுக்கு அதுதான் நேராக விழும். "பேசவோ சிரிக்கவோ" என்பதோடு "சாப்பிடவோ" என்றும் சேருங்கள். கட்டுப்பல் போட்ட பெரியவர்கள் பந்தியில் உட்காரத் தயங்குவது எங்கள் பக்கம் நிறைய.

பென்னாகரத்துப்பெண்:

சேர்த்துவிட்டேன் அண்ணா. கன்னடப் படிவத்துக்கு ஓசூர்த் தம்பியைத் தனியாகத் தொந்தரவு செய்வேன்.