பென்டிரைவ்ல பாட்டுக்குப் பாட்டு சவுண்டு ஏறி இறங்குது, எப்படி சமன் பண்றது?

கானாடுகாத்தான் பேரன்:
அடுத்த மாசம் ஐயாவுக்கு 80-ஆம் கல்யாணம், ஊர் வீட்லதான். வளவுல (வீட்டு நடு முற்றத்துல) ஓடவிட 400 பாட்டு ஏத்தி வச்சிருக்கேன், பாதி ஐயாவோட கேசட்லேர்ந்து நானே எம்பி3 ஆக்குன நாதஸ்வரம், மீதி புது சினிமாப் பாட்டு. நாதஸ்வரம் முகப்பு வரைக்கும்கூட வரல, சரின்னு ஆம்ப்ளிஃபயரை திருகி வச்சா அடுத்த பாட்டுக்கு தூணே அதிருது, அப்பத்தா காதைப் பொத்திக்கிட்டு உள்கட்டுக்குப் போயிருச்சு. ஆடாசிட்டிங்கிற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல நார்மலைஸ் குடுத்தும் அப்படியேதான் இருக்கு. என்னண்ணே பண்றது?

மைக்செட் தேவகோட்டை:
தம்பி, நார்மலைஸ் பாக்குறது பாட்டோட உச்சி ஒண்ணை மட்டும்தான், காதுக்கு எவ்ளோ சத்தமா விழுதுங்கிறதை இல்ல. கேசட் ஃபைலைத் திறந்து அலையைப் பாருங்க, எங்கயாச்சும் ஊசி மாதிரி ஒண்ணு நிக்கும்.

கானாடுகாத்தான் பேரன்:
ஆமாண்ணே! ஆரம்பத்துல யாரோ மைக்கை டக்டக்னு தட்டுறாங்க, அது மேல முட்டி நிக்குது, மிச்சமெல்லாம் எறும்பு வரிசை.

மைக்செட் தேவகோட்டை:
அதான் விஷயம். அந்தத் தட்டுற சத்தத்தை எம்பி3டைரக்ட்கட்ங்கிற சாஃப்ட்வேர்ல வெட்டிருங்க. அப்புறம் மொத்தத்தையும் ஒரு காப்பி எடுத்துட்டு பாட்டுகளோட சத்தத்தை சமன் பண்ற எம்பி3கெயின் சாஃப்ட்வேர்ல போட்டு, டார்கெட் 89 டெசிபெல்னே இருக்கட்டும், ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியா அந்த அளவுக்குக் கொண்டுவர்ற ட்ராக் கெயின் குடுங்க. பாட்டை மறுபடி என்கோட் பண்ணாது, 1.5 டெசிபெல் படியா ஏத்தி இறக்கும், வேணாம்னா அன்டூவும் உண்டு. 89 பத்தலன்னு 95, 98னு ஏத்துனீங்கன்னா அலையோட உச்சி வெட்டுப்பட்டு (கிளிப் ஆகி) கரகரங்கும், சத்தம் வேணும்னா ஆம்ப்ளிஃபயர்ல கூட்டிக்கங்க.

காரைக்குடிக்காரன்:
ஃபூபார்2000ங்கிற பிளேயர்ல ரீப்ளேகெயின் ஸ்கேன் பண்ணா, எவ்ளோ கூட்டணும் குறைக்கணும்னு ஃபைல்ல ஒரு டேக் மட்டும் எழுதும், பாட்டோட ஒலியைத் தொட வேணாமே?

மைக்செட் தேவகோட்டை:
லேப்டாப்ல ஓட்டுனா சரிங்க. ஆம்ப்ளிஃபயர்ல இருக்குற யுஎஸ்பி போர்டு பெரும்பாலும் அந்த டேக்கைப் படிக்காது. தம்பி, ஒரே கச்சேரியை துண்டு துண்டா வச்சிருந்தா அதுக்கு மட்டும் எல்லாத் துண்டையும் ஒரே அளவுல ஏத்தி இறக்குற ஆல்பம் கெயின், இல்லாட்டி மெதுவா ஆரம்பிக்கிற ஆலாபனையும் தனித்தவிலும் ஒரே சத்தத்துல வந்து நிக்கும்.

கானாடுகாத்தான் பேரன்:
முடிஞ்சுதுண்ணே, ராத்திரி 1 மணி. 11 பாட்டு மட்டும் எம்பி3கெயின்ல சேரவே இல்ல, பாத்தா எம்பி3 இல்ல, எம்4ஏ ஃபைல், அதையெல்லாம் எம்பி3 ஆக்கிட்டேன். இப்ப கேசட்டோட உஸ்ஸ்ஸும் சேர்ந்து ஏறிருச்சே?

மைக்செட் தேவகோட்டை:
ஏறத்தான் செய்யும். உஸ்ஸைக் குறைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷனை அள்ளிப் போட்டா நாதஸ்வரம் தண்ணிக்குள்ள வாசிக்கிற மாதிரி ஆயிரும், விட்ருங்க. பந்தி நடக்குற சத்தத்துல உஸ்ஸு எவன் காதுலயும் விழாது.