இருமினால் எகிறும் கோடு

கோத்தகிரியிலிருந்து:
தேயிலைத் தொழிற்சாலையில் இலை மூட்டை தூக்கியே தேய்ந்த முதுகு என்னுடையது. டிஸ்க் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இடது காலில் எரிச்சல் அடங்கவில்லை. தண்டுவடத்துக்கு மின்துடிப்பு அனுப்பி வலியைக் குறைக்கும் தண்டுவடத் தூண்டல் கருவியை ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம் என்றார்கள் கோவையில். குப்புறப் படுக்கவைத்து, முதுகை மரத்துப்போகச் செய்து, தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய கம்பியைச் செலுத்தினார்கள். விழித்தபடியே கிடந்தேன். "எங்கே குறுகுறுக்கிறது?" என்பார் டாக்டர். "வலது தொடை" என்பேன். கம்பியைச் சற்று நகர்த்துவார். இடது பாதம்வரை எறும்பு ஊர வேண்டும், அதுதான் கணக்கு.

என்னை ஈர்த்தது திரைதான். மின்துடிப்பு போன ஓரிரு மில்லிநொடிக்குள் நரம்பிழைகள் சேர்ந்து தரும் பதிலை அதே கம்பியின் வேறு முனைகள் பிடித்துவிடுகின்றன. அளவோ வெறும் மைக்ரோவோல்ட்; ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. "இருமுங்கள்" என்றார் டெக்னீஷியன். இருமினேன். கோடு எகிறியது, காலில் சுரீரென்றது. மின்சாரத்தைக் கூட்டவே இல்லையாம். இருமலில் தண்டுவடம் அசைந்து முனைகளை நெருங்கிவிடுகிறதாம். ஊருக்குத் திரும்பும்போது குஞ்சப்பனை தாண்டிக் கார் குலுங்கிய இடத்திலெல்லாம் அதே சுரீர்.

வலி எவ்வளவு காட்டியது என்று உறவினர்கள் இன்னும் கேட்கிறார்கள். அந்தக் கோடு வலியை அளப்பதில்லை. வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று நான்தான் மதிப்பெண் போட்டேன்.

குன்னூரிலிருந்து:
என் மாமியாருக்கு இதே கருவியை முழு மயக்கத்தில் பொருத்தினார்கள். எங்கே குறுகுறுக்கிறது என்று அவரைக் கேட்க முடியாதே, அதனால் கால் தசைகளில் ஊசி முனைகளைச் செருகி, எந்தப் பக்கம் துடிக்கிறது என்று பார்த்துக் கம்பியை நடுவில் நிறுத்தினார்களாம். தசையை முடக்கும் மருந்தையும் அந்த நேரத்தில் தவிர்ப்பார்களாம். கையெழுத்து வாங்கியபோது ஒருவரும் இதைச் சொல்லவில்லை. மறுநாள் கெண்டைக்காலில் ஊசித் தடங்களைப் பார்த்துப் பதறிய பிறகுதான் விளக்கினார்கள்.

கூடலூரிலிருந்து:
கோத்தகிரி ஐயா, என் தம்பியின் கதை வேறு. சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்கும்போது விழுந்து கால்கள் செயலிழந்துவிட்டன. அவனுக்குக் கம்பி எதுவும் உள்ளே வைக்கவில்லை. முதுகுத் தோலில் ஒட்டிய பட்டை வழியாக மின்சாரம். தொடையிலும் கெண்டையிலும் தசையின் பதிலைப் பதியும் ஈ.எம்.ஜி. பட்டைகள். 50 மில்லிநொடி இடைவெளியில் இரண்டு துடிப்புகள் கொடுத்தார்கள். முதல் துடிப்புக்குப் பெரிய அலை, இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நான் பயந்துபோனேன். அதைத்தான் எதிர்பார்த்தோம் என்றார்கள்: உணர்வு நரம்பு வழியே தண்டுவடத்துக்குள் போய்த் திரும்பும் அனிச்சைச் செயல் என்றால் இரண்டாவது இப்படி அடங்கும், இயக்க நரம்பை நேரே சீண்டியிருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்திருக்கும்.

அம்மா பார்த்தது அலையை அல்ல, துள்ளிய காலை. "நடந்துவிடுவான்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் துள்ளல் அவன் நினைத்து வந்ததில்லை என்று சொல்ல, வீடு வந்து சேரும்வரை எனக்கு வாய் வரவில்லை.