கதைகளில் தேய்ந்துபோன தொடர்கள்: எதை நீக்கலாம், எதை விடலாம்?

கேள்வி – முகில்வாணி

எங்கள் சிற்றிதழுக்கு வரும் சிறுகதைகளை முதலில் வாசித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் உள்ளது. எழுதுபவர்கள் வெவ்வேறு ஊரினர், வெவ்வேறு வயதினர். ஆயினும் ‘இனம்புரியாத உணர்வு’, ‘ஒரு கணம் திகைத்தான்’, ‘விரக்தியாகச் சிரித்தாள்’, ‘கனத்த மௌனம் நிலவியது’ ஆகிய தொடர்கள் ஏறக்குறைய எல்லாருடைய கதைகளிலும் வந்துவிடுகின்றன. ‘சட்டென்று’, ‘மெல்ல’, ‘ஏதோ’ ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. தேர்வான கதைகளில் இவற்றை நாங்களே நீக்கிவிடலாமா, அல்லது அது எழுதியவரின் நடையில் கைவைப்பதாகுமா? நீக்குவதானால் எந்த அளவுகோலைக் கொண்டு நீக்குவது?

மறுமொழி – பிழைதிருத்தி

எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வெட்டுவதில் பயனில்லை. ‘என்றான்’, ‘என்றாள்’ ஒரே பக்கத்தில் பத்து முறை வந்தாலும் வாசகர் அவற்றைக் கவனிப்பதில்லை. அவற்றைத் தவிர்ப்பதற்காக ‘வினவினான்’, ‘பகர்ந்தாள்’, ‘கர்ஜித்தார்’ என்று மாற்றி மாற்றி எழுதும்போதுதான் உறுத்துகிறது. ஆனால் ‘இனம்புரியாத’ என்பது ஒரு கதையில் ஒரே முறை வந்தாலும் அதன் கீழ் நான் கோடிடுவேன். அந்த உணர்வு பாத்திரத்துக்கு இனம்புரியாமல் இருக்கலாம். எழுதுபவருக்கும் அப்படியே இருந்தால் அவர் எதை எழுதுகிறார்?

அளவுகோல் வேண்டுமென்றால், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் மெய்ப்பாடுகளைப் பற்றிப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பாருங்கள். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுக்கும் அந்நூல், ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு காரணங்களையும் சொல்கிறது. இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமை ஆகியவற்றால் அழுகையும், அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன் போன்ற மேலோர்) ஆகியவற்றால் அச்சமும் பிறக்கும் என்பது அதன் கணக்கு. நம் கதைகளிலோ முகம் வெளிறுவதும் உதடு துடிப்பதும் விரிவாக வருகின்றனவே தவிர, எதனால் என்பது பல நேரங்களில் வருவதே இல்லை. ‘அவள் கண்கள் பனித்தன’ என்ற வரியைக் கண்டால், இது இழவால் வந்ததா, இளிவால் வந்ததா என்று எழுதியவரையே கேளுங்கள். அதற்கான விடை முந்தைய பத்தியில் காட்சியாகவே இருந்தால் கண்கள் பனிக்க வேண்டிய தேவை இல்லை, தயங்காமல் நீக்கலாம். விடை எங்குமே இல்லையென்றால் அந்த ஒரு வரியை நீக்குவதால் கதை தேறிவிடாது, திருத்தி எழுதுமாறு திருப்பி அனுப்புவதே முறை.

மறுமொழி – பழைய தொடர்கதை வாசகர்

முந்தைய மறுமொழியில் கொஞ்சம் கடுமை கூடிவிட்டது. இத்தகைய தொடர்கள் பலவற்றை வார இதழ்களின் தொடர்கதைகளே நம் காதில் ஏற்றின, அங்கே அவற்றுக்கு ஒரு வேலையும் இருந்தது. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ போன்ற நீண்ட கதையை அன்றைய வாசகர் வாரத்துக்கு ஒரு பகுதியாகவே படித்தார். ஒரு பகுதியின் முடிவில் யாரோ ஒருவர் திடுக்கிட்டு நின்றால்தான் அடுத்த இதழ் வரும்வரை அவரது ஆவல் குறையாது. ஏழு நாள் இடைவெளியில் அதே ‘திடுக்கிட்டான்’ மீண்டும் வந்தாலும் அலுப்புத் தட்டாது. நூலாகக் கட்டியபின் தொடர்ந்து படிப்பவருக்குத்தான் அது தெரிகிறது. ஐந்து பக்கச் சிறுகதைக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் உரையாடலுக்குள் வருபவற்றை மட்டும் தொடாதீர்கள். மனிதர்கள் தேய்ந்த சொற்களில்தான் பேசுகிறார்கள், ஒரு பாத்திரத்தை அது ஓயாமல் சொல்லும் ஒரு சொல்லை வைத்தே வாசகர் அடையாளம் கண்டுகொள்வதும் உண்டு.

மறுமொழி – முகில்வாணி

இருவருக்கும் நன்றி. உரையாடலை விட்டுவிட்டு, கதைசொல்லியின் கூற்றில் வருபவற்றை மட்டும் குறித்து எழுதியவருக்கே அனுப்பலாம் என்று நினைக்கிறேன். இவற்றைக் கணினியில் தேடிக் குறிப்பதற்கு எளிய வழி உண்டா?

மறுமொழி – பிழைதிருத்தி

முழுச் சொல்லைக் கொடுத்துத் தேடினால் பாதிக்கு மேல் தப்பிவிடும். ‘புன்னகைத்தான்’ என்று தேடினால் ‘புன்னகையுடன்’ அகப்படாது. ‘புன்னகை’ என்று மட்டும் கொடுங்கள். ஆனால் ‘சிரி’ என்று தேடும்போது ‘ஆசிரியர்’ எல்லாரும் வரிசையாக வந்து நிற்பார்கள்; பள்ளிக்கூடக் கதையென்றால் கண்ணால் படித்துக் குறிப்பதே விரைவாக முடியும்.